பக்கத்து மேசைக்கு அமெரிக்கா வழியா

ஏண்டா பேராண்டி, உன் கடையில நீ பத்திரிகை அடிக்கற மேசைக்கும் பிரிண்டர் இருக்கற மேசைக்கும் நடுவுல ஒரு ஸ்டூல் போடத்தான் இடம். அந்த ஸ்டூலைத் தாண்டறதுக்கு உன் ஃபைலு வாட்ஸ்அப்புல ஏறி, கடலுக்கு அந்தாண்ட ஏதோ ஒரு சர்வர்ல இளைப்பாறி, மறுபடி ஊட்டி காந்தல் முக்கோணத்துக்கே வந்து பக்கத்து மேசையில இறங்குது. நம்ம குடும்பத்துல வெளிநாடு பார்த்தவன் எவனுமில்லைன்னு உங்க பாட்டி குறைப்பட்டுக்குவா. இப்ப உன் புண்ணியத்துல கல்யாணப் பத்திரிகையெல்லாம் பாஸ்போர்ட் இல்லாமப் போயிட்டு வருது.

சந்தோசந்தான். ஆனா ஆடிக் காத்துல எங்கயோ மரம் சாஞ்சு நெட்டு போச்சுன்னா, கரண்டு இருந்தும் ஸ்டூலைத் தாண்ட முடியாம நீ முழிக்கறே பாரு, அதைப் பார்க்கத்தான் நான் மழையோட மழையா உன் கடைக்கு வந்து உக்கார்றேன். டீ நல்லாருக்குதுன்னு வர்றதா நெனைச்சுக்காதே.

நெட்டு இல்லாட்டி பென் டிரைவு. அது ஊரு பூரா மேஞ்சுட்டு வர்ற சாமான். பள்ளிக்கூடப் புள்ளைங்க புராஜெக்டு, எவனோட பயோடேட்டா, அதுல ஒட்டிக்கிட்டு வந்த வைரஸ், எல்லாத்தையும் நீயே கைப்பட ஒரு பொட்டியில இருந்து அடுத்த பொட்டிக்குக் கொண்டுபோய்ச் சொருகறே. வைரஸுக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கற செலவுகூட இல்லை.

எட்டாங்கிளாஸ் படிச்ச கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நீ மூஞ்சியைத் திருப்பறது தெரியுது. ஊட்டி மார்க்கெட்டுல காய்கறி மண்டியில கணக்கு எழுதினவன்டா நானு. கேரட்டு எத்தனை மூட்டை, உருளை எத்தனை மூட்டை, மேட்டுப்பாளையம் லாரியில எது ஏறுச்சுன்னு பேரேட்டுல எழுதிட்டிருந்தப்போ மொதலாளி கம்ப்யூட்டர் வாங்கினாரு. வேலை போயிடும்னு மத்தவனெல்லாம் பயந்தான். நான் அதுக்குப் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டுக்கிட்டேன். அப்பல்லாம் டி.வி. கேபிளாட்டம் உருண்டை ஒயரு. ரெண்டு முனையிலயும் அம்பது ஓம் மூடி போட்டிருக்கோணும். நடுவுல ஒரு எடத்துல கழண்டாலும் மொத்த ஆபீசும் படுத்துக்கும். இப்ப உனக்கு அந்தப் பாடு இல்லை. ஒரு சின்ன சுவிட்சு, மூணு கேபிளு. ஒரு கேபிளு நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும். உன் கடை நீளத்துக்கு அது ரொம்ப ரொம்ப அதிகம்.

உங்கிட்ட இருக்கறது மூணு பொட்டி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோட பழைய எக்ஸ்பி ஒண்ணு, விண்டோஸ் ஏழு ஒண்ணு, தவணையில வாங்கின புது லேப்டாப்பு ஒண்ணு. மூணுக்கும் 192.168.1-ல ஆரம்பிக்கற நம்பரா வெச்சுக்கோ, கடைசி எண்ணு மட்டும் மாறட்டும். எதுலயாவது 169.254-ன்னு நம்பர் தெரிஞ்சா அதுக்கு யாரும் விலாசம் கொடுக்கலை, தானே ஒண்ணை எழுதிக்கிட்டு உக்காந்திருக்குதுன்னு அர்த்தம். கேபிளைப் பாரு, ரூட்டரைப் பாரு.

அப்புறம் பேரு. கடைக்கு நீ வெச்சிருக்கற பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கஸ்டமரு பக்கத்துக் கடைக்குப் போயிடறான். அதையே கம்ப்யூட்டருக்கும் வெக்கப் பார்க்காதே. இந்தப் பழைய முறையில பதினஞ்சு எழுத்துக்கு மேல செல்லாது. காந்தல் ஒண்ணு, காந்தல் ரெண்டுன்னு இங்கிலீசு எழுத்துல போட்டுக்கோ. மூணும் ஒரே ஒர்க்குரூப்புல இருக்கட்டும். எக்ஸ்பி ஹோமா இருந்தா எம்.எஸ்.ஹோம்னு வேற குரூப்பு பேரு போட்டுக்கிட்டுத் தனிக்குடித்தனம் பண்ணிட்டிருக்கும்.

இவ்வளவும் பண்ணிட்டு நெட்வொர்க் படத்தைத் திறந்தா ஒரு பொட்டி தெரியும், ஒண்ணு தெரியாது. உடனே நீ ரீஸ்டார்ட்டு போடுவே. அது ஏன் தெரியலைன்னு சொல்றேன் கேளு, இந்தக் கதை எனக்கு ரொம்பப் புடிச்சது. பழைய விண்டோஸ் பொட்டிங்க தங்களுக்குள்ள எலக்சன் நடத்தும். விளையாட்டுக்குச் சொல்லலைடா, அதுக்கு வெச்ச பேரே எலக்சன்தான். யார் யாரு இருக்காங்கங்கற பட்டியலை ஒருத்தர் வெச்சுக்கோணுமில்ல, அந்தப் பதவிக்குப் போட்டி. சர்வர் விண்டோஸ் இருந்தா அதுக்கு மொத மரியாதை. இல்லாட்டி என்.டி. வம்சத்துல வந்த எக்ஸ்பி மாதிரியானது, 95, 98-ஐத் தோக்கடிச்சுடும். சமமா நின்னா, அணையாம அதிக நேரம் முழிச்சிருக்கறது ஜெயிக்கும். அதுலயும் சமம்னா பேரு அகர வரிசையில முன்னாடி இருக்கறது ஜெயிக்கும். காசு கொடுத்து ஜெயிக்கற வழி ஒண்ணுதான் அதுல இல்லை.

ஜெயிச்சவரு வேலை செய்யற லட்சணத்தைப் பாரு. ஒவ்வொரு பொட்டியும் பன்னெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா "நான் இருக்கேன்"னு கொரல் கொடுக்கோணும். மூணு தடவை கொரல் வராட்டித்தான் பேரை அடிப்பாரு. அவருகிட்ட இருந்து பட்டியலை நகலெடுத்து வெச்சிருக்கற துணை ஆளு கால் மணிக்கு ஒருக்காத்தான் புதுசா வாங்குவாரு. ஆக, நீ சுவிட்சைப் பட்டுன்னு அணைச்ச பொட்டி அம்பத்தோரு நிமிசம் வரைக்கும் உயிரோட இருக்கறதாட்டம் லிஸ்ட்டுல நிக்கும். செத்தவன் பேரு வோட்டர் லிஸ்ட்டுல இருக்கற நம்மூருக்கு இது புதுசா என்ன? உசிரோட இருக்கறவன் பேரு விட்டுப்போறதும் உண்டு. அதனால அந்தப் படத்தை நம்பாதே. ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு, அந்தப் பொட்டியோட நம்பரை நேராத் தட்டு. ஆளு இருந்தா வருவான்.

திறந்துட்டா போதும்னு நீ சி டிரைவு மொத்தத்தையும் "எவ்ரிஒன்" பேருல முழு உரிமையோட விட்டிருக்கறே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. வீட்டுல பிஸ்கட்டு டப்பாவைத் தம்பிக்குத் தெரியாம ஒளிச்சு வெக்கறவன், கடையில எல்லாத்தையும் ஊருக்கு எழுதி வெச்சுட்டான். பிங்கர்போஸ்ட்டு சர்க்காரு ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி எத்தனை பேரு உங்கிட்ட ஆதாரும் பட்டாவும் ஸ்கேன் பண்ணிட்டுப் போறாங்க. அத்தனையும் டெஸ்க்டாப்புலயே கெடக்குது. கடை வைஃபை பாஸ்வேர்டைச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறே. டீக்கு வந்தவன் நெனைச்சா யாரோ ஒரு அம்மணியோட ஆதாரை எடுத்துட்டுப் போயிடலாம். ஒரே ஒரு ஃபோல்டரைப் பகிர். அதுக்கு உள்ள வர ஒரு பேரும் பாஸ்வேர்டும் வை. எழுத வேண்டியதில்லாத எடத்துல படிக்க மட்டும் உரிமை கொடு. வேலை முடிஞ்ச ஸ்கேனை அன்னைக்கே அழிச்சுடு.

இந்தப் பகிர்வுக்கு எஸ்.எம்.பி.ன்னு பேரு. 1983 வாக்குல ஐ.பி.எம்-ல பாரி ஃபைகன்பாம்னு ஒருத்தரு போட்ட விதை. மைக்ரோசாப்ட் அதை வளத்து விண்டோஸுக்குள்ள நட்டுது. அடுத்து ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஆராய்ச்சி மாணவர், ரெண்டு கம்ப்யூட்டரு ஒயர்ல என்ன பேசிக்குதுங்கன்னு ஒட்டுக்கேட்டே அந்தப் பாசையைக் கத்துக்கிட்டு 1992 வாக்குல சம்பாங்கற புரோகிராமை எழுதிட்டாரு. அதுக்குப் பேரு வெக்கறப்போ எஸ், எம், பி மூணெழுத்தும் வரிசையா வர்ற வார்த்தையை அகராதியில தேடினாராம். நம்ம தெருவுல ஒட்டுக்கேக்கறவங்களும் நெறைய இருக்காங்க, ஒருத்தரும் இப்படி ஒண்ணைப் பண்ணிக் கொடுத்தது கிடையாது.

நல்லது பண்ணினது இருக்கட்டும். அந்தப் பாசையோட மொதப் பதிப்புல ஓட்டை இருந்துது. 2017 மார்ச்சுல மைக்ரோசாப்ட் அதை அடைக்க ஒட்டு கொடுத்துது. போட்டவன் தப்பிச்சான். மே 12, வெள்ளிக்கிழமை, வான்னாக்ரைங்கற புழு அதே ஓட்டை வழியா நொழைஞ்சு நூத்தம்பது நாட்டுல ரெண்டு லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டரைப் பூட்டிப் போட்டு, தொறக்க முந்நூறு டாலரு கேட்டுது. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிங்க நின்னுச்சு. இங்க ஆந்திரா போலீஸ் கம்ப்யூட்டரே மாட்டிக்கிச்சு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லயே ஆதரவை நிறுத்திக் காரியம் பண்ணியாச்சு. இருந்தாலும் அந்தக் கலவரத்துல மைக்ரோசாப்டே மனசு எறங்கி எக்ஸ்பிக்கும் ஒட்டு கொடுத்துது. ஒரு பைசா கட்டாம. நீ போட்டியான்னு கேக்க மாட்டேன். உன் மூஞ்சியே சொல்லுது.

2017 அக்டோபர்ல இருந்து புது விண்டோஸ் 10-ல அந்த மொதப் பதிப்பைத் தானாப் போட்டு வெக்கறதில்லை. எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது மொதப் பதிப்பு ஒண்ணுதான். உன் லேப்டாப்பு எக்ஸ்பியைக் கண்டுக்காததுக்குக் காரணம் அதுதாண்டா. யூடியூபுல எவனோ சொன்னான்னு லேப்டாப்புல பழைய பதிப்பைத் தொறந்து விடாதே. விண்டோஸ் ஏழு பொட்டிக்கு ரெண்டு பதிப்பும் தெரியும். ஃபோல்டரை அதுல வை. எக்ஸ்பி அங்க வந்து கொடுக்கட்டும், லேப்டாப்பு அங்க வந்து எடுக்கட்டும். உங்க பாட்டிக்கும் உங்க பெரியம்மாவுக்கும் நடுவுல நான் வருசக்கணக்கா பார்த்த வேலைதான் அது, செஞ்சு முடிக்கலாம். இன்னும் கெட்டியா வேணும்னா அந்த நடுப் பொட்டியில லினக்ஸு போட்டு சம்பாவை வை. புது சம்பாவுலயும் மொதப் பதிப்பை மூடித்தான் வெச்சிருக்காங்க, எக்ஸ்பிக்காக நீதான் தொறந்து விடோணும். எது பண்ணினாலும் எக்ஸ்பிக்கு இன்டர்நெட்டு வேண்டாம். ரூட்டர்ல அந்த நம்பரை அடைச்சு விடு. அதுக்கு இனிமே ஊரு சுத்தற வயசில்லை, எனக்கும்தான்.

இவ்வளவு பாடு எதுக்கு, எக்ஸ்பியை எடைக்குப் போட்டுடலாம்னு உங்கப்பன் சொல்றான். போடாதே. உன் பேஜ்மேக்கர் அதுலதான் ஓடுது. பேஜ்மேக்கருக்குக் கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல வந்ததோட சரி, அதுக்கு யூனிகோடு தெரியாது. உங்கிட்ட இருக்கற மாரியம்மன் திருவிழா நோட்டீசு, மே மாசக் குருசடித் திருவிழா நோட்டீசு, வருசக்கணக்கா அடிச்ச பத்திரிகை எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவுல கெடக்குது. இங்கதான் பக்கத்துப் பொட்டிக்கு ஃபைலைப் பகிர்ந்த ஆளு தலையில கை வெக்கறது. அப்பல்லாம் இங்கிலீசு எழுத்து உக்காந்திருந்த எடத்துல தமிழ் எழுத்தைக் குடிவெச்சுட்டாங்க. அதுவும் ஆளுக்கொரு விதமா. 1999-ல சென்னை மாநாட்டுக்கு அப்புறம் டாம், டாப்னு தரம் கொண்டுவந்தாங்க, இருந்தாலும் அவனவன் எழுத்துருவு அவனவனுக்கு. ஃபைலுக்குள்ள போறது எண்ணு மட்டுந்தான். அந்த எழுத்துரு இல்லாத பொட்டியில தொறந்தா, மணமகன் பேரு இருந்த எடத்துல இங்கிலீசு எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் வந்து நிக்கும். பொண்ணு வீட்டுக்காரன் பார்த்தா கல்யாணமே நின்னுபோகும். 2010-ல அரசாங்கம் யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு, எக்ஸ்பியிலயே லதான்னு யூனிகோடு எழுத்துரு இருக்குது. ஆனா பேஜ்மேக்கருக்கு அது புரியாதே. அதனால ஒண்ணு, அந்த எழுத்துருவுங்களை விண்டோஸ் ஏழுலயும் போட்டு வை. இல்லாட்டி எக்ஸ்பியிலயே பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருவையும் அதுக்குள்ள வெச்சு அனுப்பு. பி.டி.எஃப். எந்தப் பொட்டியில தொறந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளையாவே இருப்பாரு.

அடுத்தது பிரிண்டரு. டாட் மேட்ரிக்ஸை எளக்காரமாப் பேசறே. கார்பன் வெச்சு மூணு பிரதி ஒரே அடியில எடுக்கறது உன் லேசரால முடியுமா? மண்டிக்காரங்க பில்லுக்கு இன்னும் உன் கடைக்கு வர்றதே அதுக்குத்தான். பழைய டாஸ் பில்லு புரோகிராமு எல்பிடி1-ங்கற ஒரே எடத்துக்குத்தான் அனுப்பும், நெட்வொர்க்குல இருக்கற பிரிண்டரு அதுக்குத் தெரியாது. விண்டோஸ் ஏழுல கருப்புத் திரையைத் தொறந்து, நெட் யூஸ் எல்பிடி1-ன்னு தட்டி, ரெண்டு பேக்ஸ்லாஷோட எக்ஸ்பி பேரு, ஒரு பேக்ஸ்லாஷோட பிரிண்டரு பகிர்வுப் பேரு, கடைசியில பெர்சிஸ்டென்ட் யெஸ்னு போடு. டாஸ் ஏமாந்துடும். உன் ஏழு அறுபத்திநாலு பிட்டா இருந்தா டாஸ் புரோகிராமே ஓடாது, அப்ப எக்ஸ்பி காலைத்தான் புடிக்கோணும்.

லேசரை விண்டோஸ் ஏழுல மாட்டி லேப்டாப்புக்குப் பகிர்றப்போ வரிசையாச் சைபர் வந்து 11பி-ன்னு முடியற பிழை வந்துதுன்னு ஒரு நாள் கடையை மூடிட்டுப் போனியே. 2021-ல பிரிண்டு அனுப்பற வழியில பெரிய ஓட்டை கண்டுபுடிச்சு அதை அடைச்சாங்க, அப்படி அடைச்சதுல பழைய பகிர்வுங்க பல எடத்துல நின்னுபோச்சு. லேப்டாப்புல டிரைவரை மொதல்ல போட்டுக்கோ. அப்புறம் நெட்வொர்க் பிரிண்டரு தேடாம, லோக்கல் போர்ட்டு புதுசா உருவாக்கி அதுக்கு அந்தப் பகிர்வுப் பேரையே விலாசமாக் கொடு. பெரும்பாலும் வழிக்கு வந்துடும். பிரிண்டரு மாட்டின பொட்டி தூங்காம இருக்கோணும், ஸ்லீப்பை அணைச்சுடு. காகிதக் கட்டைப் பிரிச்சு வெளிய வெக்காதே. இந்த ஈரத்துல காகிதம் தண்ணி குடிச்சுப் போயி ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு உள்ள போகும். நீ டிரைவரைத் திட்டுவே.

கூலியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பரண்ல ரெண்டு விண்டோஸ் 98 பொட்டி தூசி புடிச்சுக் கெடக்குதில்ல, அதை எறக்கிக் கேபிளு மாட்டி உன் கடை மூலையில வை. 1992-ல மைக்ரோசாப்ட் ஒர்க்குரூப் விண்டோஸ் விட்டப்போ, நெட்வொர்க்குன்னா என்னான்னு ஜனங்களுக்குப் புரியட்டும்னு ஹார்ட்ஸுங்கற சீட்டாட்டத்தைக் கூடவே கொடுத்தாங்க. நாலு பேரு நாலு பொட்டியில உக்காந்து ஆடலாம். மொதலாளி சாப்பிடப் போற நேரத்துல மண்டியில நாங்க நெட்வொர்க்குப் படிச்சது அதுலதான். எக்ஸ்பியில அந்த நெட்வொர்க் ஆட்டத்தைப் புடுங்கிட்டாங்க, அதனாலதான் 98 கேக்கறேன். எதிர்ல உக்கார ஆளு பார்த்தாச்சு, மேல் வீட்டு ரிட்டையர்டு போஸ்ட்மேன். அவருக்குக் காது கேக்காது, ஏமாத்தறது சுலபம். டீ நீ போட்டுடு.