நான் யார் என்று வீட்டில் கேளுங்கள்

‘நான் யார்’ என்று கேட்டுக்கொண்டே இரு என்றார் ரமண மகரிஷி. அதற்காகத் திருவண்ணாமலைக்குப் போனவர்களில் பலர் கிரிவலம் முடித்து, இட்லி சாப்பிட்டு, கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். இப்போது அந்தச் சிரமம் இல்லை. கைபேசியில் ஒரு குணத் தேர்வைத் திறந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் விரலைத் தேய்த்தால் நான்கு எழுத்தில் விடை வந்துவிடுகிறது. தென் கொரியாவில் இளைஞர்கள் முதல் சந்திப்பிலேயே இந்த நான்கு எழுத்தை விசாரித்துவிடுகிறார்கள். நாம் நட்சத்திரம் கேட்போமே, அந்த இடத்தில். நம் ஜோசியத்தில் 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 வகை மனிதர்கள். அமெரிக்கர்கள் 16 வகையிலேயே மனித குலத்தை முடித்துவிட்டார்கள்.

எழுத்துகளுக்கு விளக்கம் எளிது. நான்கு ஜோடி, ஜோடிக்கு ஒரு எழுத்து. ஈ என்றால் நாலு பேரோடு பேசினால் தெம்பு வருபவர். ஐ என்றால் அந்த நாலு பேரும் கிளம்பிப் போனால் தெம்பு வருபவர். எஸ் கண்ணால் கண்டதை நம்புவார். என் காணாததையும் ஊகிப்பார். டி தலையால் முடிவெடுப்பார், எஃப் மனதால். ஜே, முன்பதிவு திறந்த அன்றே ரயில் டிக்கெட் எடுப்பவர். பி, நகரும் ரயிலில் ஓடி ஏறுபவர்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் விடாமல் நச்சரித்து என்னையும் எழுத வைத்தாள். “விருந்துகளில் கலகலப்பாக இருப்பீர்களா?” என்று முதல் கேள்வி. யார் வீட்டு விருந்து, எவ்வளவு மொய் எழுதியிருக்கிறேன் என்று தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது? “உணர்ச்சியைவிடத் தர்க்கத்துக்கு மதிப்புக் கொடுப்பீர்களா?” என்று அடுத்தது. ‘இல்லை, எனக்கும் தர்க்கத்துக்கும் ஆகாது’ என்று எவராவது அழுத்துவாரா? எனக்கு வந்த விடை ஐஎன்டிபி. இந்த வகையில் ஐன்ஸ்டீனும் உண்டு என்று கீழே போட்டிருந்தது. ஐன்ஸ்டீன் இந்தத் தேர்வை எழுதியவரல்ல. இருந்தாலும் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஒரு கவசம் கிடைத்தது.

“ஏங்க, ஈபி பில் கட்டினீங்களா?”

“மறந்துட்டேன். என்ன பண்றது, என்னோட நாலாவது எழுத்து பி.”

“கரண்ட் போனா அந்தப் பி-யைக் கொளுத்தி வெச்சுக்குங்க.”

இந்த நான்கு எழுத்தின் பூர்வீகத்தைத் தோண்டினால் அங்கே நிற்பவர் ஒரு மாமியார். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாளின் மகள் இசபெல், சட்டம் படிக்கும் கிளாரன்ஸ் மையர்ஸ் என்ற இளைஞரை வீட்டுக்கு அழைத்துவந்தாள். 1918-ல் கல்யாணமும் ஆனது. பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் இந்தக் குடும்பம் யோசிக்கிற விதத்துக்கும் அவர் யோசிக்கிற விதத்துக்கும் சம்பந்தமே இல்லை. நம்மூர் மாமியாராக இருந்தால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று ஒரே வரியில் ஆராய்ச்சியை முடித்திருப்பார். கேத்தரின் அம்மாள் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு மனிதர்களை வகை பிரிக்க உட்கார்ந்தார். 1921-ல் ஜெர்மன் மொழியில் உளவியலாளர் கார்ல் யுங் எழுதிய ‘உளவியல் வகைகள்’ 1923-ல் ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்ததும், நாம் தேடியதை இவர் கண்டுபிடித்துவிட்டார் என்று தன் குறிப்புகளை எரித்துவிட்டாராம்.

மகள் இசபெல் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்கக் கேள்வித்தாள் தயாரிக்க ஆரம்பித்தார். தாய்க்கும் சரி, மகளுக்கும் சரி, உளவியல் பட்டம் கிடையாது. யுங் விட்ட இடத்தில் ஜே-பி என்ற ஜோடியை இவர்கள் தனியாக எடுத்து நிறுத்தினார்கள். 1962-ல் அந்தக் கேள்வித்தாள் முறையாக வெளியானது. இன்று உலகம் முழுவதும் கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைத்தான் நிரப்பச் சொல்கிறார்கள்.

எழுத்தோடு நிற்பவர்கள் பாமரர்கள் என்பாள் என் மகள். விஷயம் தெரிந்தவர்கள் ‘ஃபங்ஷன்’, அதாவது மனம் வேலை செய்யும் விதம் பற்றித்தான் பேசுவார்களாம். புலன், உள்ளுணர்வு, சிந்தனை, உணர்வு என்று நான்கு, ஒவ்வொன்றும் அகமுகமாகவோ புறமுகமாகவோ திரும்பும், ஆக எட்டு. புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எட்டும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருப்பது தெரியும்.

ரசத்தை ஒரு வாய் வைத்ததும், “எண்பத்தேழுல நம்ம வீட்டுக் கல்யாணத்துல போட்டாங்களே, அது ரசம்” என்று பெருமூச்சு விடும் பெரியப்பா அகமுகப் புலன். பேச்சே இல்லாமல் அடுத்த ஜாங்கிரிக்கு இலையில் இடம் ஒதுக்கும் மச்சான் புறமுகப் புலன். யாரும் கேட்காமலே எழுந்துபோய்ப் பரிமாறுபவர்களை வரிசைக்கு இரண்டு பேராகப் பிரித்துவிடும் ரிட்டயர்டு தாசில்தார் மாமா புறமுகச் சிந்தனை. ராகுகாலத்தை சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவதா, கடிகாரத்தைப் பார்த்தா என்று தனக்குள் வாதாடி, பாயசம் தாண்டிப் போனதைக் கவனிக்காதவர் அகமுகச் சிந்தனை. தான் பட்டினியாக நின்றுகொண்டு “கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுப்பா” என்று மண்டபத்தையே விசாரிக்கும் அத்தை புறமுக உணர்வு. பத்திரிகையை நேரில் வந்து கொடுக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல், ஆயுசுக்கும் மறக்காமல் இருக்கப்போகும் சித்தப்பா அகமுக உணர்வு. கை கழுவுவதற்குள் வாழையிலை ஏற்றுமதி, வாடகைப் பல்லக்கு, மொய்க்கு ஒரு ஆப் என்று தொழில் யோசனைகளை அவிழ்த்துவிடும் ஒன்றுவிட்ட தம்பி புறமுக உள்ளுணர்வு. மேடையை ஒருமுறை பார்த்துவிட்டு “இந்தப் பொண்ணு தனிக்குடித்தனம் போயிடும்” என்று சொல்லி, எப்படித் தெரியும் என்று கேட்டால் “தெரியும்” என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பாட்டி அகமுக உள்ளுணர்வு.

ஒவ்வொருவருக்குள்ளும் இவற்றில் நான்கு மட்டும் வரிசைகட்டி நிற்கின்றன. முதலாவது ராஜா, நான்காவது நோஞ்சான் என்பது சித்தாந்தம். ஐஎன்டிபி-க்கு அகமுகச் சிந்தனை ராஜா. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, என் மனைவி அந்தத் தேர்வை என் சார்பில் எழுதும் வரை.

மகள் கேள்வியைப் படிக்க, என்னைப் பற்றி மனைவி பதில் சொன்னாள். “தர்க்கமா? யார் வந்து அழுதாலும் ஜாமீன் கையெழுத்துப் போடற மனுஷன். புதுசா எதையாவது முயற்சி பண்றதா? இருபது வருஷமா ஒரே சலூன், ஒரே ஓட்டல், ஒரே மூலை டேபிள்.” விடை ஐஎஸ்எஃப்ஜே என்று வந்தது. ஐன்ஸ்டீன் போய், ஊருக்கு உழைக்கும் உத்தமர் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

சித்தாந்தம் பொய்த்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். “இல்லப்பா, ரெண்டு டைப்லயும் அதே நாலு ஃபங்ஷன்தான். வரிசைதான் வேற” என்றாள் மகள். சரிபார்த்தேன், உண்மைதான். எனக்குள் ராஜாவாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுவது முதல் பட்டியலில் முதலில் நிற்கிறது. தினமும் வீட்டில் ஆட்சி செய்வது இரண்டாவது பட்டியலில் முதலில் நிற்கிறது.

தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்வதில் உள்ள சிக்கல் இதுதான். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணச்சித்திரம் எழுதிக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். 5-க்குச் சராசரி 4.26 போட்டார்கள். அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாக்கியங்களை அவர் எடுத்தது கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து. நான்கு எழுத்துத் தேர்வைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது என்ற புகாரும் பழையது. மனிதர்களில் பெரும்பாலோர் நடுவில் நிற்பவர்கள். ஒரு பதில் மாறினாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடுவார்கள். அதனால் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பெட்டியில் போடுவதை விட்டுவிட்டு, ஐந்து பண்புகளைக் கூடக்குறைய அளந்து பார்க்கிறார்கள். ஆளை இப்படி வகை பிரித்து முத்திரை குத்துவதைக் குழந்தை விளையாட்டு என்று யுங்கே கடிந்திருக்கிறார்.

அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். கேத்தரின் அம்மாள் இதை ஆரம்பித்தது மாப்பிள்ளையைப் புரிந்துகொள்ள. எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே நம்மைப் படுத்துவதில்லை, அவர் மண்டை அப்படி ஓடுகிறது என்று தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும். நாம்தான் அதைத் திருப்பிப் பிடித்து, ஈபி பில் கட்டாததற்குச் சான்றிதழ் ஆக்கிக்கொண்டோம்.

ஆகவே தேர்வை எழுதுங்கள். ஆனால் பதிலை நீங்கள் அழுத்தாதீர்கள். உங்களோடு பத்து வருடமாவது குடித்தனம் நடத்தியவரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். வந்த விடையைப் படித்ததும் கோபம் வந்தால், அது அனேகமாகச் சரியான விடை.