சீமெந்துக் கட்டுப்பாடு

1987 ஜூலை 11ஆம் திகதி உலக சனத்தொகை ஐந்நூறு கோடியைத் தொட்டுவிட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அந்தச் செய்தி பொத்துவிலுக்கு வந்து சேர்ந்தபோது பேச்சுப் போட்டியாக மாறியிருந்தது. தலைப்பு, சனத்தொகைப் பெருக்கத்தின் தீமைகள். காக்காமார் இருவர் போட்டுக் கழித்த காற்சட்டை இடுப்பில் நிற்காததால் கயிறு கட்டிக்கொண்டு மேடையேறினேன். பிள்ளைகள் கூடினால் உடுப்புக்கும் சோற்றுக்கும் தட்டுப்பாடு வரும் என்று முழங்கினேன். நடுவர்களாக இருந்த மூன்று ஆசிரியர்களுக்கும் சேர்த்து இருபதுக்குக் குறையாத பிள்ளைகள். அவர்கள் கண்ணீர் மல்கக் கேட்டார்கள். எனக்கு இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு பெற்றவன் வீட்டில் பதினோராவது பிள்ளை; அவன் பேச்சில் அனுபவம் இருந்தது.

எங்கள் உம்மா பெற்றது பத்து, நின்றது எட்டு. இந்தக் கணக்கை நான் வீட்டில் உரத்துச் சொன்னதில்லை. பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணினால் மூத்தம்மாவுக்குக் கோபம் வரும். “எண்ணாத மனே, கண்ணூறு பட்டிரும்” என்பாள். குடும்பநல மாது சைக்கிளில் வந்து கொப்பியை விரித்தாலும் இதே கதைதான். அவர் லூப் பற்றியும் மாத்திரை பற்றியும் பொறுமையாக விளக்குவார். மூத்தம்மா அதைவிடப் பொறுமையாகக் கேட்டு, வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்து, “வாயத் தந்தவன் ரிஸ்கையும் தருவான் தங்கச்சி” என்று முடித்துவிடுவாள். மாது தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வளவுக்குப் போவார். அங்கும் தேத்தண்ணிதான்.

மூத்தம்மாவின் பிடிவாதத்துக்குக் கண்ணூறு மட்டுமா காரணம்? அவள் பன்னிரண்டு பெற்று ஐந்தை வளர்த்தவள். மற்றவை காய்ச்சலில் போயின. அந்த நாளில் இந்தப் பக்கத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா. 1940களின் நடுவில் வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். ஆயிரம் பேருக்கு இருபதாக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1946க்கும் 1947க்கும் இடையில் ஒரே வருடத்தில் பதினான்காகக் குறைந்தது. சனத்தொகை படிக்கிற உலக மாணவர்கள் எல்லாருக்கும் இது பாடம். மருந்தடிக்கிறவர்கள் வந்து சுவரைப் பழுதாக்கிவிட்டுப் போனார்கள் என்பதுதான் மூத்தம்மாவின் நினைவில் நின்றது. பிள்ளைகள் சாகாமல் நிற்கத் தொடங்கினார்கள். பெறுவதைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் ஒரு தலைமுறை பிந்தி வந்தது. அந்த இடைவெளியில் பிறந்தவர்கள் நாங்கள்.

கொழும்பு சும்மா இருக்கவில்லை. குடும்பத் திட்டச் சங்கம் 1953இலேயே தொடங்கிவிட்டது. 1973இல் ‘பிரீத்தி’ என்ற ஆணுறை கடைகளுக்கு வந்தது. கடைக்காரர் அதைத் தாளில் சுற்றுமுன் வீதியைப் பார்ப்பார், வாங்குகிறவரும் வீதியைப் பார்ப்பார், வீதி முழுக்க அவர்களைப் பார்க்கும். சின்னக் குடும்பம் தங்கம் என்று சிங்களத்தில் ஒரு சுலோகம் நாடெங்கும் ஓடியது. எங்கள் ஊரில் தங்கம் என்றால் மகளின் கழுத்துக்குப் போடுவது. அதையும் குடும்பத்தையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

முடிச்சு வேறு இடத்தில் இருந்தது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. பெற்றவர்கள் பின்வளவில் ஒரு குசினியை ஒட்டிப் பத்தி இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள், அடுத்த மகளுக்கு அடுத்த வீடு கட்டத் தொடங்குவார்கள். ஓலை வேய்ந்த காலத்தில் இது பெரிய காரியமல்ல. நான்கு மகள்களுக்கு நான்கு வளவு பிரித்து, களிமண் சுவர் எழுப்பி, ஒரு கந்தூரியோடு முடித்துவிடலாம். பிறகு கல்வீடு கேட்டார்கள். பிறகு ஓடு, மாபிள், இப்போது மேல்மாடி. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் போய்ப் பாருங்கள்: கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் கிடக்கிற மணல் கீற்றில் இத்தனை மகள்களுக்கும் வளவு வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து ஆட்களையும் வளவுகளையும் ஒன்றாக எடுத்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறைதான். மிஞ்சியவர்களிடம் கரையிலிருந்து 65 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள்.

ஒரு வீட்டுக்காக உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். மகளுக்கு அத்திவாரம் போட்ட அந்த வருடங்களில் வயிற்றில் இன்னொன்றுக்கு எங்கே இடம்? 2022இல் ஆயிரம் ரூபா சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டியது. அரை நூற்றாண்டாகச் சுலோகம் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு சீமெந்துப் பை புரியவைத்துவிட்டது. எங்கள் ஊர் வாப்பாமார் இப்போது ஸ்கான் பார்த்து இரண்டாவதும் மகள் என்று அறிந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு மேசனைத்தான் நினைக்கிறார்கள்.

எங்கள் குடும்பங்கள் இப்படிச் சுருங்கத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் நாங்கள் பெருகுவதாக மற்றவர்கள் பயந்தார்கள். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் உணவில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கிளம்பியது. கடையை அடித்தார்கள், பள்ளிவாசலை அடித்தார்கள், வாகனங்களை எரித்தார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு மாவுக்கட்டி என்றார். ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இருந்திருந்தால் எங்கள் குடும்பநல மாது இத்தனை வருடம் மணலில் சைக்கிள் மிதித்திருப்பாரா? 1981இல் சனத்தொகையில் சோனகராகிய நாங்கள் நூற்றுக்கு ஏழு, 2012இல் ஒன்பது சொச்சம். இந்த வேகத்தில் ஓடினால் பாதியை எட்ட ஐந்நூறு வருடத்துக்கு மேல் செல்லும். அந்த வேகமும் இனி இருக்கப் போவதில்லை.

நாடு முழுக்க அதே கதிதான். 1950களில் இலங்கைப் பெண் சராசரியாக ஐந்துக்கு மேல் பெற்றாள். 2016 கணக்கெடுப்பில் அது 2.2. பதிவான பிறப்புகள் 2019இல் மூன்று இலட்சத்துக்கு மேல். 2023இல் இரண்டரை இலட்சத்தை எட்டவில்லை. 2022 நவம்பர் 15 அன்று உலகம் எண்ணூறு கோடியானபோது எங்கள் பக்கத்தில் யாரும் பேச்சுப் போட்டி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. வைத்திருந்தால் தலைப்பு என்னவாக இருந்திருக்கும்? 2080களில் ஆயிரத்து முப்பது கோடியளவில் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கும் என்று அதே ஐக்கிய நாடுகள் சபை இப்போது சொல்கிறது. தென்கொரியா 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. அங்கே காற்சட்டைக்குக் கயிறு கட்ட வேண்டிய பிள்ளைகள் கிடையாது.

என் ராத்தாவுக்கு ஒரே மகள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்ததால் அவள் பட்டதாரியானாள், இருபத்தெட்டில் கல்யாணம் முடித்தாள், மாப்பிள்ளையோடு தோஹாவுக்குப் போனாள். ஒன்று போதும் என்று அங்கிருந்து அறிவித்துவிட்டாள். அவளுக்காக அறுகம்பேக் கரையில், உல்லையில் கட்டிய மேல்மாடியை ராத்தா அலைச்சறுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். அறுகம்பேக்கு வருகிற வெள்ளைக்காரர்களில் பலர் பிள்ளை பெறாத தேசங்களின் பிள்ளைகள். இஸ்ரேல்காரர்கள் மட்டும் விலக்கு; வளர்ந்த நாடுகளில் ஒரு பெண்ணுக்கு மூன்று அளவில் பிறக்கிற நாடு அது ஒன்றுதான். காஸா யுத்தத்துக்குப் பிறகு அவர்களுக்கு அறை கொடுப்பதா என்று ஊரில் இரண்டு அபிப்பிராயம். ராத்தாவிடம் இரண்டும் உண்டு. போன சீசனில் தங்கிய ஒரு பெட்டை, தாங்கள் வீட்டில் ஆறு பேர் என்று சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். ராத்தா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “அங்க பொம்புளப் புள்ளயளுக்கு ஊடு கட்டிக் குடுக்கத் தேவல்லையாமா?”