பொருளாதார வாத்தியார் தேவை!

பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பொருளாதார டியூஷன் வாத்தியார் தேடுகிறேன். நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் நாள் வகுப்பில் பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தேவைக்கோட்டை அவரே வரைந்து தள்ளினால் யோசியுங்கள். "தக்காளி கிலோ நூறு ரூபாய் விற்றால் உங்கள் வீட்டில் சட்னி உண்டா?" என்று கேட்டு, கோடு ஏன் கீழே சரிகிறது என்பதை உங்கள் மகளையே சொல்லவைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பெரிய பேராசிரியர்கள் எல்லாம் டியூஷன் எடுப்பார்களா?

பொருளாதார மேதை ஆடம் ஸ்மித்தே எடுத்தாரே! 1764-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, ஓர் இளம் பிரபுவுக்குத் தனி ஆசிரியராகப் பிரான்சுக்குப் போனார். ஆண்டுக்கு 300 பவுண்டு சம்பளம். பிறகு ஆயுள் முழுக்க அதே தொகை ஓய்வூதியம். அவருடைய நூலான 'நாடுகளின் செல்வம்' அதன்பின் 1776-ல் வந்தது.

டியூஷன் வாத்தியார் மூன்று மாத ஃபீஸை முன்பணமாகக் கேட்கிறாரே?

வகுப்பு பாதியில் நின்றால் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள். பாதியில் கிளாஸ்கோவை விட்டுக் கிளம்பிய ஸ்மித், மாணவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்றவரின் சட்டைப்பையில் திணித்தே அனுப்பினார்!

டியூஷனுக்கு வசதியில்லாத பிள்ளை என்ன செய்யும்?

தமிழ்நாடு அரசுப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படித்து, பக்கத்து பெஞ்சுக்காரிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் பாடம் முதலில் பதியும். சந்தேகத்தை வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கேட்கட்டும். அது சலுகை இல்லை, உரிமை.