பேரன் மாலை போடவில்லை: ஒரு விளக்கம்

எடிசன், நியூ ஜெர்சி
4 நவம்பர் 2025

உடன்குடியிலுள்ள தந்தையார், தாயார் ஆகியோரின் பார்வைக்கு:

ஹாலோவீன் என்பது அமெரிக்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் சிறுவர் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் பெறும் வழக்கமாகும். மறுநாள் வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவு என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் தேய்ந்து இப்பெயராயிற்று. அதற்கும் முன்னே, அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் தறுவாயில் அயர்லாந்தில் கொண்டாடப்பட்ட விழாவின் பெயரை அந்நாட்டார் ஏறத்தாழ 'சாவின்' என்று ஒலிப்பர், அன்றிரவு இறந்தோர் ஆவிகள் உலவும் என்றும் நம்பினர் என்பதால், அப்பெயர் தமிழ்க் காதுக்கு உறுத்தவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடிபெயர்ந்தோர் இதனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது, தம் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்களுக்கு இங்கே பூசணிக்காய் வாய்த்தது. குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டிக் காணிக்கை பிரித்த குடும்பத்துக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அங்கே பிரித்தது முத்தாரம்மன் உண்டியலுக்குப் போகும், இங்கே பிரித்தது பிரித்தவன் வயிற்றுக்கே போகும்.

கடந்த வெள்ளியன்று வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட படத்தில் பேரன் கறுப்பு உடையும் நெற்றி நிறையத் திருநீறுமாக நிற்பதைக் கண்ட தாயார், "கார்த்திகை பிறக்கு முன்னமே பிள்ளைக்கு மாலை போட்டாச்சா? குருசாமி யாரு?" என்று வினவியிருந்தார். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கடிதத்தின் நோக்கமாகும். (முந்தைய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பியனுப்பிய தந்தையார், தன்மை ஒருமை இருபத்து மூன்று இடங்களில் வந்துள்ளது என்றும் அது தற்பெருமையின் அறிகுறி என்றும் ஓரத்தில் குறித்திருந்தமையால், இக்கடிதத்தில் அது அறவே களையப்பட்டுள்ளது.)

படத்தில் பேரன் பூண்டிருப்பது டார்த் வேடர் என்னும் வில்லனின் கோலம். இங்கே வேடர் என்பது வெறும் பெயரே. கண்ணப்ப நாயனார் குலத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை. 1977இல் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் தோன்றும் இவ்வில்லனுக்குத் தலையையும் முகத்தையும் மூடிய கறுப்புக் கவசம், தரை புரளும் போர்வை, மார்பில் பொத்தான்கள் பதித்த பெட்டி, கையில் ஒளிவாள் என நான்கு அடையாளங்கள் உண்டு. ஒளிவாளாவது, பிடியை முடுக்கினால் உலோகத்துக்குப் பதிலாகச் சிவந்த ஒளி நீளும் வாள். ஜப்பானியச் சாமுராய் வீரரின் கவசச் சாயலில் இவ்வுருவை வரைந்தவர் ரால்ஃப் மக்குவாரி. அப்படத்தின் உடையமைப்புக்காக ஆஸ்கர் பெற்றவர் ஜான் மோலோ. உடைக்குள் நின்றவர் ஆறரை அடி உயரமான டேவிட் ப்ரௌஸ். குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். நீர்மூழ்குவோர் காற்றிழுக்கும் கருவியில் மூச்சு விட்டு அந்தப் புகழ்பெற்ற மூச்சொலியைப் பதிவு செய்தவர் பென் பர்ட். ஒரு வில்லனுக்கு ஹாலிவுட்டில் ஐவர் தேவைப்பட்டிருக்க, எடிசனில் அவ்வைந்து பணிகளையும் எட்டாம் வகுப்புக் கைத்தொழில் தேர்வில் கூடை முடையத் தெரியாமல் அழுத ஒருவரே மேற்கொண்டார் என்பதை நினைவிற்கொண்டு விளைவை நோக்குதல் தகும்.

இவ்வேடம் கடையில் ஆயத்தமாக நாற்பது டாலருக்குக் கிடைக்கிறது. அதனை வாங்குவது ஊதாரித்தனம் என்று தீர்மானித்த மகன், கறுப்புத் துணி, சாயம், டக்ட் டேப், பசைத் துப்பாக்கி ஆகியவற்றை அறுபத்திரண்டு டாலருக்கு வாங்கினார். டக்ட் டேப் என்பது எதனோடும் ஒட்டிக்கொண்டு பின் எதனையும் விடாத வலுவான நாடா. பசைத் துப்பாக்கி என்பது பசைக்குச்சியை உருக்கி முனை வழியே சொட்டவிடும் மின்கருவி, அச்சொட்டு முதலில் ஒட்டுவது செய்பவரின் கட்டைவிரலிலேயே. மார்புப் பெட்டி செருப்பு வந்த அட்டைப்பெட்டியாலும், பொத்தான்கள் தண்ணீர்ப் புட்டி மூடிகளாலும் ஆயின. தலைக்கவசத்துக்கு ஏற்ற வளைவும் கறுப்பும் உடைய பொருள் வீட்டில் ஒன்றே இருந்தது. அது மருமகள் நான்காண்டுகளாகப் பிள்ளைபோல் வளர்த்த கறிவேப்பிலைச் செடியின் பிளாஸ்டிக் தொட்டி. அடியில் நீர் வடியும் துளைகள் இருந்தமையால் காற்றோட்டமும் அமைந்துவிட்டது. செடி இரவோடிரவாகச் சாயவாளி ஒன்றுக்கு மாற்றப்பட்டது. மருமகள் இதனை மறுநாள் காலையில்தான் அறிந்தார்; அதன்பின் நிகழ்ந்தவை இக்கடிதத்தின் வரம்புக்குள் அடங்கா.

இவ்வளவும் முடிந்த நிலையில் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வெள்ளி காலையில் பிள்ளைகள் வேடத்துடன் பள்ளியைச் சுற்றி ஊர்வலம் வரலாம் என்றும், முகமூடி கூடாது, ஆயுதமோ ஆயுதம் போன்றதோ கூடாது, செயற்கைக் குருதி கூடாது, எவ்வேடமும் பிற பிள்ளைகளை அச்சுறுத்தலாகாது என்றும் அது கூறியது. முதல் மூன்றும் புரிந்துகொள்ளத்தக்கவை. நான்காவது விதி, வில்லன் வரலாம், ஆனால் வில்லத்தனம் வெளியே காத்திருக்க வேண்டும் என்று கூறுவதாகும். உறைக்காத மிளகாய்க்கும் கடிக்காத கட்டெறும்புக்கும் நிகரான இப்பொருள் இதுவரை எந்தக் காப்பியத்திலும் இடம்பெறவில்லை. மகன் பள்ளிக்கு மின்னஞ்சல் வழியே நான்கு ஐயங்களை எழுப்பினார். ஒளிவாள் ஆயுதமா விளக்கா என்பதற்கு, எதுவாயினும் வீட்டில் இருக்கட்டும் என்று விடை வந்தது. முன்பக்கம் வெட்டிய கவசம் முகமூடியாகுமா என்பதற்கு, புருவம் முதல் மோவாய் வரை தெரிந்தால் ஆகாது என்று வந்தது. தெரியும்படி வெட்டியபின் எஞ்சியது தொட்டியின் விளிம்பே. மூச்சொலி எழுப்பலாமா என்பதற்கு, மாணவர் மூச்சு விடுவதற்குப் பள்ளி ஒருபோதும் தடை விதித்ததில்லை என்று வந்தது. நான்காம் விதியைப் பற்றிய ஐயத்துக்கு விடையே வரவில்லை.

மாற்று வில்லன்களும் ஆராயப்பட்டனர். இராவணனுக்கு ஒன்பது தலைகள் முகமூடியாகக் கழிந்துவிடும், எஞ்சும் பத்தாவது பேரனுடையது. குலசை மகிஷனிடமிருந்து எருமைத் தலையை எடுத்துவிட்டால் அவன் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரன். முகமூடியின்றி, ஆயுதமின்றி, இரு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தே ஊரை நடுங்க வைத்தவர் எம். என். நம்பியார் ஒருவரே விதிகளுக்குள் அடங்கக்கூடியவர். அவரோ பல பத்தாண்டுகள் சபரிமலை சென்று மகாகுருசாமி என்று போற்றப்பட்டவர். அவ்வகையில் தாயாரின் வினாவைப் பிழை என்று முற்றாகத் தள்ளுவதற்கில்லை. வாளும் முகமும் போன டார்த் வேடர், கண்ணேறு படாதிருக்க மருமகள் இட்ட திருநீற்றுடன் பள்ளி வாசலில் நின்றபோது எடுத்ததே அப்படம். வகுப்பாசிரியை மார்புப் பெட்டியைப் பார்த்து "அழகான வானொலி" என்றார்.

மாலையில் தெருவுக்குப் பள்ளியின் விதிகள் பொருந்தாமையால் முகமும் வாளும் மீண்டன. ஆயினும் இருளில் வண்டியோட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி உடையில் ஒளி திருப்பும் நாடா ஒட்டுக என்பது இந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரையாதலால், இருளின் அரசன் சாலைப் பணியாளர்போல் மின்னிக்கொண்டு புறப்பட்டான். முன்வாசல் விளக்கு எரியும் வீட்டில் மட்டுமே கதவைத் தட்டலாம் என்பது இங்குள்ள மரபு. மூன்றாம் வீட்டு மூதாட்டி, பேரன் எழுப்பிய மூச்சொலியைக் கேட்டுப் பதறி, பிள்ளைக்கு ஆஸ்துமாவா என்று வினவினார். நடிப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுவே. முப்பது வீடுகளில் மிட்டாய் கிடைத்தது. ஒரு வீட்டிலும் உள்ளே வா என்று சொல்லவில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவுமில்லை. கதவு திறந்தது, கை நீண்டது, கதவு மூடியது.

பெரியப்பா காளி வேடம் கட்டி வரும்போது கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளைகளை அதே காளி வெளியே இழுத்து மடியில் வைத்துக் கருப்பட்டி மிட்டாய் தந்ததும், அம்மிட்டாயில் அரிதாரம் மணத்ததும் இங்குள்ளோர்க்கு எடுத்துச்சொல்லக் கூடியவை அல்ல. பேரனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்ததில், பெரிய தாத்தாவுக்குப் பள்ளியில் அனுமதி கொடுத்தார்களா என்று கேட்டான். அடுத்த ஆண்டுத் தசராவுக்கு விடுப்பு கேட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கப்பட்டுள்ளது. பரிசீலனையில் உள்ளதாக இரண்டு முறை சொல்லிவிட்டனர்.

சாயவாளிக்கு மாறிய கறிவேப்பிலைச் செடி, குளிராலோ இடம் மாறிய ஏக்கத்தாலோ, இலை உதிர்த்து இன்று காலை மூன்று ஈர்க்குகளுடன் நிற்கிறது. மருமகள் இன்னும் முழுமையாகப் பேசத் தொடங்கவில்லையாதலால், மேலவீட்டு மாமா டிசம்பரில் வரும்போது அரைக்கிலோ கறிவேப்பிலைப் பொடியும், பெட்டியில் இடமிருந்தால் கருப்பட்டியும் கொடுத்தனுப்புமாறு வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
மூத்த மகன்