ஆமை புகுந்த வீடு

இந்த வாரம் தபால் பையில் பாதிக்கு மேல் ஆமைகள். எப்போது கிளம்பினவோ, எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கின்றன.

கடைக்காரர் பேச்சைக் கேட்டவன், அம்பத்தூர்
கே: தீப்பெட்டி அளவில் பச்சை ஆமைக் குட்டி வாங்கினேன். இதற்கு மேல் வளராது என்கிறார் கடைக்காரர். நிஜமா?

ப: அவர் கடையில் வளராது. அதற்குள் விற்றுவிடுவாரே! கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து நீர் ஆமை. பெண்ணாக இருந்தால் ஓடு மட்டுமே ஏறக்குறைய ஓர் அடிக்கு வரும். ஒழுங்காக வளர்த்தால் முப்பது வருஷம்கூட இருக்கும். வீட்டுக் கடன் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

மாமியார், மயிலாப்பூர்
கே: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். மருமகள் ஆமையோடு வந்து நிற்கிறாள்.

ப: அம்மா, உங்கள் ஹாலில் தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு வாஸ்து ஆமை இருக்குமே, அது வந்தபோது எந்த அமீனா வந்தார்? காஞ்சிபுரம் கச்சபேஸ்வரர் கோயிலில் பெருமாளே ஆமையாக வந்து சிவனைப் பூஜித்ததாகத் தலபுராணம். புலனடக்கத்துக்கு வள்ளுவர் உதாரணம் காட்டியதும் ஆமையைத்தான். எனக்குத் தெரிந்து ஆமை புகுந்த வீட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆமைதான்.

நட்சத்திர ரசிகை, சிவகாசி
கே: முதுகில் நட்சத்திரக் கோலம் போட்ட குட்டி ஆமையை உறவினர் ஒருவர் பரிசாகத் தந்தார். என்ன தீனி போடலாம்?

ப: முதலில் வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள். நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உறவினர் கோபித்துக்கொள்வாரே என்றால், அவர் புலிக்குட்டி கொண்டுவந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கண்ணாடித் தொட்டிக்காரர், கோவை
கே: ஜன்னல் வழியாகத் தொட்டியில் நல்ல வெயில் விழுகிறது. போதாதா?

ப: போதாது. ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சம்தான். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி ஊறாது, தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. குட்டியின் ஓடு அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். காலை இளவெயிலில் நேரடியாக வையுங்கள், பாதித் தொட்டிக்கு நிழல் இருக்கட்டும். சின்னக் கிண்ணத்தோடு மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், திரும்பி வருவதற்குள் தண்ணீர் கொதிக்கும். ஏறிக் காய ஒரு கல் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேட்டு வாங்கி ஒரு துண்டு மிதக்க விடுங்கள். கடித்துக் கடித்துச் சுண்ணாம்பு எடுத்துக்கொள்ளும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்றுகிறது என்று, நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975இலேயே தடை போட்டுவிட்டார்கள்.

புண்ணியம் தேடுபவன், போரூர்
கே: பெரிதாகிவிட்டது. ஏரியில் விட்டுவிடலாமா?

ப: கூடாது. உலகை அதிகம் தொல்லை செய்யும் 100 அயல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உங்கள் சிவப்புக் கோட்டுச் செல்லமும் இருக்கிறது. நம்மூர் ஆமையின் தீனியையும் அது வெயில் காயும் கல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும்.

பதற்றம், குன்னூர்
கே: இரண்டு நாளாக அசையவில்லை. புதைத்துவிடலாமா?

ப: இது அச்சாகி வருவதற்குள் என்னென்னவோ நடந்துவிடும் என்று உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். குளிரில் ஆமையின் மூச்சும் இதயமும் அடங்கிப் போகும், பார்த்தால் செத்தது போலவே இருக்கும். வெந்நீரில் போடாதீர்கள். வெதுவெதுப்பான அறையில் மெதுவாகச் சூடேற விட்டு, ஆமைக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். கண் குழிந்து, நாற்றம் வந்த பிறகுதான் மண்வெட்டி.

மகளின் அப்பா, மதுரை
கே: ஆமைக் குட்டி செத்துவிட்டது. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாமா?

ப: கண்டுபிடித்துவிடுவாள். இந்த ஆமைகளின் அடியோட்டில் உள்ள கறுப்புக் கோலம் ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இருக்காது. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது நீங்களா, அவளா? ‘தூங்குது’ என்றும் சொல்லாதீர்கள், ராத்திரி அவள் தூங்கப் பயப்படுவாள். ‘செத்துப்போச்சும்மா’ என்றே சொல்லுங்கள். எங்கே புதைப்பது என்பதை அவளே சொல்லட்டும். கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் தவிர்க்கலாம்.

கிண்டல் பிரியன், தஞ்சாவூர்
கே: நாய் செத்தால் அழலாம். ஆமைக்கெல்லாமா?

ப: கலாபகஸ் தீவுகளில் ‘தனிமை ஜார்ஜ்’ என்று ஓர் ஆமை இருந்தது. அதன் இனத்தில் கடைசி. 2012 ஜூன் 24 காலையில் அது செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவர், பல வருஷம் அதைப் பார்த்துக்கொண்ட ஃபாவுஸ்தோ யெரேனா. இந்தக் கேள்வியை அவரிடம் போய்க் கேட்க உங்களுக்குத் தைரியம் உண்டா?

நேர்ப்பேச்சு, நெல்லை
கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீரே, நீர் வளர்த்ததுண்டா?

ப: உண்டு. வைகை என்று பெயர். மகள் வைத்தது, எக்ஸ்பிரஸ் ஞாபகமாம். கடையில் தந்த காய்ந்த இறால் டப்பா ஒன்றைத் தவிர வேறெதையும் அதன் கண்ணில் காட்டவில்லை. ஒன்றரை மாதத்தில் இமை வீங்கி மூடிக்கொண்டது. ‘சமர்த்தாத் தூங்குது’ என்று ஒன்பது நாள் பெருமைப்பட்டோம். பத்தாம் நாள் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது, வைட்டமின் ஏ குறைந்தால் கண் அப்படி ஆகும் என்று. கண் தெரியாத ஆமை தீனியைத் தேடாது. டாக்டர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மகளும் அழவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, ‘அப்பா, அதுக்குப் பசிச்சிருக்கும்ல?’ என்று மட்டும் கேட்டாள். இந்தப் பகுதியில் எத்தனையோ கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன், நெல்லைக்காரரே.

காலித் தொட்டி, சேலம்
கே: ஆமை போய் மூன்று வாரம். தொட்டியை எடுக்க மனசு வரவில்லை. மோட்டார்கூட ஓடிக்கொண்டிருக்கிறது.

ப: மோட்டாரை நிறுத்துங்கள், கரண்ட் பில் வரும். தொட்டி பாட்டுக்கு இருக்கட்டும். எங்கள் வீட்டுத் தொட்டி இன்னும் பால்கனியில்தான், நன்றாகக் கழுவிக் காயவைத்து வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறோம். ‘வைகையிலேர்ந்து நாலு வெங்காயம் எடுத்துட்டு வா’ என்றுதான் இன்றைக்கும் அடுப்படியிலிருந்து குரல் வரும்.