விதை பொறுக்கி

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் எங்காவது ஒரு மரத்தடியில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் எதையோ தேடிக்கொண்டிருக்கும் ஐம்பது வயசு ஆசாமியை நீங்கள் பார்த்திருக்கலாம். பாவம், வண்டிச் சாவியைத் தொலைத்துவிட்டார் போல என்று இரக்கப்பட்டு இறங்கிவிடாதீர்கள். இறங்கினால் உங்கள் கையிலும் ஒரு பையைத் திணித்து, "அந்தப் பக்கம் நீங்க பாருங்க சார், பூச்சி துளைச்சது வேணாம்" என்பார்.

இவர்தான் அபூர்வச் செடி நர்சரிக்காரர். அண்ணன் என்றே சொல்வோம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மெயின் ரோட்டு நர்சரிக்காரர் வேறு ரகம். அவருக்கு ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரி வரும். ரோஜா, குரோட்டன்ஸ், காகிதப்பூ என்று காலையில் இறக்கித் தண்ணீர் தெளித்தால் சாயங்காலம் கல்லா நிறையும். அண்ணனுக்கு லாரி கிடையாது. காசான், வீரை, பாலை, குருந்து என்று இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி வந்து முளைக்க வைக்கிறார். அந்தக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சாமிக்குப் பயந்து ஊர் விட்டுவைத்த கோயில் காடுகள்தான். புத்துப்பட்டு அய்யனார் காடு அதில் ஒன்று. சுள்ளி ஒடிக்கவும் ஊர் அஞ்சும் அந்த மாதிரி இடங்களில் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாமி, ஒடிக்கல, விழுந்ததைத்தான் எடுக்குறேன்" என்று சத்தமாக வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் குனிவார்.

பஞ்சாங்கம் அவருக்குத் தனி. ஆனி, ஆடியில் இலுப்பைப் பழம் விழும். இலுப்பை விதை காத்திருக்காது, காய்ந்தால் செத்தது. வௌவால் தின்று துப்பிய கொட்டையை அள்ளி வந்து உடனே பாத்தியில் ஊன்றியாக வேண்டும். அந்த நாட்களில் கல்யாணமா காதுகுத்தா, அண்ணியும் பிள்ளைகளும் மட்டும்தான் போவார்கள். வேப்பங்கொட்டைக்கும் ஆயுசு சில வாரம்தான். சரக்கொன்றையோ நேர்மாறு. அதன் தோல் அவ்வளவு கெட்டி, வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு விதையாக உப்புத்தாளில் தேய்ப்பார். பழுப்பு மினுமினுப்பு போய் வெளிறிய தோல் எட்டிப் பார்க்கும்வரை தேய்க்க வேண்டும், பருப்பைத் தொட்டுவிடக் கூடாது. ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் தேய்ந்ததெல்லாம் உப்பி ரெட்டிப்பாகியிருக்கும். உப்பாததைத் தனியே எடுத்து, "பிடிவாதக்காரன்" என்று பெருமையோடு மறுபடி தேய்ப்பார்.

மரநாய் எச்சம் கண்ணில் பட்டால் அவருக்குப் புதையல். அதன் வயிற்றில் போய் வந்த விதையெல்லாம் அதில் சுத்தமாக இருக்கும் என்பார். விதை சுத்தம்தான். ஆனால் அந்தப் பொட்டலத்தோடு அவர் டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். பெருமாள் கோயிலில் பெருக்குகிற அம்மாவுக்கு மாசம் ஒரு தொகை கொடுத்து மகிழங்கொட்டையைக் குப்பைக்குப் போகாமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கத்திரிக்காய்க்கு இடமில்லை. சட்டைப்பையில் மறந்த விதை வாஷிங் மெஷினில் ஊறி, துவைத்த துணியோடு வெளியே வந்து விழுந்ததும் உண்டு. அண்ணி அதை எடுத்து எறியப் போக, "ஏய், அது உப்பியிருக்கு!" என்று ஓடி வந்தார்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை விற்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். அண்ணனிடம் செடி வாங்குவது பெண் கேட்டுப் போவது போல.

"வீரை இருக்கா?"

"இருக்கு. இடம் எந்தப் பக்கம்?"

"செங்கல்பட்டுகிட்ட."

"மண்ணு? தண்ணி உப்பா, நல்லதா? யாரு ஊத்துவா?"

"வாட்ச்மேன் இருக்காருங்க."

"அவரு லீவு போட்டா?"

வந்தவர் விழிப்பார். கொஞ்சம் தைரியசாலியாக இருந்தால், "பழம் காய்க்கிற மரமா பார்த்துக் கொடுங்க" என்பார். வீரையில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி என்றும், பூத்தால்தான் தெரியும் என்றும் அண்ணன் விளக்குவார். எப்போது பூக்கும் என்று கேட்டால், "உங்க பையனுக்கு இப்ப என்ன வயசு?" என்பார்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கழுத்தில் மாலை போட்டவர் கருங்காலி கேட்டு வருவார், எத்தனை மாசத்தில் மாலை கோக்கலாம் என்பார். நாகலிங்க மரம் கேட்டு வருகிறவர், "நம்ம பாரம்பரிய மரம் சார்" என்று ஆரம்பிப்பார். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று அண்ணன் சொன்னதும் சிவலிங்கத்தையே அவமதித்தது போல முகம் கறுக்கும். சந்தனம் கேட்கிறவர் குரலைத் தாழ்த்தி, "வச்சா போலீஸ் வருமா?" என்பார். சொந்த நிலத்துச் சந்தனம் நிலக்காரருக்கே சொந்தம் என்று 2002-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது, வெட்டி விற்கத்தான் வனத்துறை வழியாகப் போக வேண்டும் என்று அண்ணன் சொல்வார். அடுத்த நொடியே, "ஆனா அது தனியா வளராது, பக்கத்துச் செடி வேர்ல ஒட்டி உறிஞ்சும். கூடவே ஒரு துவரை வைக்கணும். வைப்பீங்களா?" என்று விசாரணை மறுபடி தொடங்கிவிடும்.

ஒரு சிவன் கோயில் ஆள் அவசரமாக வந்தார். நாளைக்கு மந்திரி வருகிறார், கையால் நட ஒரு தில்லைச் செடி வேண்டும், சிதம்பரத்து விருட்சம் என்றால் ராசி என்றார். தில்லை உப்பங்கழியில் வளர்வது, பிச்சாவரத்துச் சேற்றுக்காரன், உங்கள் மேட்டுப் பிராகாரத்தில் நிற்காது என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். ஆள் நகரவில்லை. கடைசியில், "அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்துங்க. மந்திரி கையில இலை கிழிஞ்சு பால் வந்து, அவரு கண்ணைத் தேச்சிட்டா..." என்றார். வந்தவர் வில்வம் வாங்கிக்கொண்டு போனார்.

தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் மட்டும் அண்ணனுக்குப் பிடித்த வாடிக்கை. குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களையும் கல்லூரித் தோட்டத்தில் வைக்க ஆசைப்பட்டுப் பட்டியலோடு வருவார். இரண்டு பேரும் டீ ஆறும்வரை அதில் வரும் மராஅம் எந்த மரம் என்று சண்டை போடுவார்கள். கபிலர் பூப்பறித்த பெண்களைத்தான் பார்த்தார், விதை முளைக்க வைத்தவனை அவர் பார்க்கவேயில்லை என்பது அண்ணனின் நிரந்தர மனக்குறை.

விலையைக் கேட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும். நாலு வருஷம் தண்ணீர் ஊற்றி முழங்கால் உயரம் வந்த பாலைக்கு நாற்பது ரூபாய். அந்த மரத்தைச் சப்போட்டா ஒட்டுக்கு வேர்ச்செடியாகத்தான் ஊருக்குத் தெரியும், அதனால் தலையை வெட்டப் போகிறவனுக்கு அவர் கொடுக்கவே மாட்டார். மெயின் ரோட்டில் போன வாரம் லாரியில் இறங்கிய ரோஜா இருநூற்றைம்பது. என்னைக் கேட்டால் அண்ணன் விலையை மூன்று மடங்காக்கலாம், கேள்வியைப் பாதியாக்கலாம். சொல்லிப் பார்த்தேன். "காசு கொடுத்திட்டா என்ன வேணா பண்ணலாம்னு நினைச்சிடுவான் சார்" என்றார்.

அப்படியானால் குடும்பம் எதில் ஓடுகிறது? கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை ரோஜாவும் செம்பருத்தியும் இருக்கின்றன. அது அண்ணியின் ராஜ்யம். கடியத்துச் சரக்குதான், மெயின் ரோட்டுக்காரரிடமே மொத்தமாக எடுப்பது. அண்ணன் அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்ற மாட்டார், அந்தக் காசில் சாப்பிடுவார்.

போன மாசம் ஒரு சாயங்காலம் பாத்தியைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். "இங்க இருந்த காசான் எங்க?"

"ரோஜா எட்டு வாங்கினாங்க. கொசுறு கேட்டாங்க. அதைக் கொடுத்தேன்" என்றார் அண்ணி.

"கொசுறா? யாருக்கு? எந்த ஊரு?"

"கேட்கல."

"மண்ணு என்ன மண்ணு?"

"ஏங்க, அவங்க கார்ல வந்தாங்க."

"என்ன கலரு காரு?"

"வெள்ளை."

"எந்தப் பக்கமா திரும்புனாங்க?" என்று கேட்டபடியே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.