திரைநீக்கத்துக்கு ஒரு கல்

சிக்காகோவில் 1931இல் கட்டிய பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. மகப்பேற்று மருத்துவத்தின் பெரிய ஆட்களுக்கெல்லாம் அதன் சுவரில் கல்லாலே கேடயம் செதுக்கிப் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஒரேயொரு கேடயத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஏன் பிரசர் ஏறி வலிப்பு வருகிறது என்று கண்டுபிடிக்கப்போகிற மகானுக்காக ஒதுக்கிய இடமாம் அது. தொண்ணூறு வருடம் தாண்டியும் மகான் வந்து சேரவில்லை.

கேள்விப்பட்ட நாள்முதல் எனக்கு ஒரு யோசனை. அந்தக் கல்லை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்துவிடலாம். கண்டுபிடிக்கிற வேலைதான் எங்களுக்குச் சரிவராது. கல் நாட்ட, திரை நீக்க, பொன்னாடை போர்க்கக் காலி வீதியில் ஆட்களுக்குப் பஞ்சமா? சந்தைக்குப் பக்கத்தில் வைத்தால் மீன் வாங்க வருகிறவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பெயருக்குத்தான் விண்ணப்பம் கோர வேண்டும். கோரினேன்.

முதலில் வந்தவர் சனல் டொக்டர். எங்கள் மருமகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் எனக்கு அவருடைய தரிசனம் கிடைத்தது. நம்பர் 42. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழுமாத வயிற்றோடு மூன்று மாடி ஏறி வந்தவளை இருத்தக்கூட இல்லை. மிஸ் பிரசர்ப் பட்டியைச் சுற்றிக் காற்றை அடித்தா. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்கவேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பாடப்புத்தகம் 42ஆம் நம்பராகக் காத்திருந்ததில்லை. 150க்கு 95. "மாடி ஏறினபடியாத்தான்" என்று மிஸ் சொன்னா. திரும்ப அளக்க ஒருவருக்கும் நேரமில்லை. 140க்கு 90 தாண்டினால் மணி அடிக்க வேண்டிய நோய் இது, பெயர் பிரீஎக்லம்சியா. அங்கே அடுத்த நம்பருக்கான மணிதான் அடித்தது.

டொக்டர் எங்களுக்கு இரண்டு நிமிடம் தந்தார். அதில் ஒன்றரை நிமிடம் ஸ்கேன் படத்துக்கு. பிள்ளையின் மூக்கைப் பெரிசாக்கிக் காட்டினார், அப்பாவின் மூக்காம். மிச்ச அரை நிமிடத்தில், "உப்பைக் குறையுங்கோ, நல்லா ரெஸ்ட் எடுங்கோ." உப்பைக் குறைப்பதும் படுத்துக்கிடப்பதும் இந்த நோயைத் தடுக்காது, அப்படிச் சொல்லாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே எழுதிவிட்டது. அந்தக் கடிதம் எங்கள் ஊர்த் தபாற்கந்தோரில் இன்னும் பிரிபடாமல் கிடக்கிறது போலும்.

இரண்டாவது விண்ணப்பம் எங்கள் சொந்தபந்தத்துடையது, கூட்டு விண்ணப்பம். கால் வீங்கினால், "ஆம்பிளைப் பிள்ளைதான், பாருங்கோவன்." முகம் வீங்கினால், "தாய்மைக் களை." கண்ணுக்குள் மின்னுகிறது என்றால் கண்ணூறு, செத்தல் மிளகாய் சுற்றிப் போடு. நெஞ்சுக்குழிக்குக் கீழே வலிக்கிறது என்றால் வாயு, உள்ளிக் கசாயம் குடி. ஈரல் கத்துகிறது, மூளை கத்துகிறது, எங்கள் மாமிமார் மிளகாய் வறுக்கிறார்கள். ஆனால் வளைகாப்புக்குக் குறை வைக்கமாட்டோம். ஹோல் பிடித்து, பலூன் கட்டி, கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய காசில் மூன்று கமராக்காரர். வந்த இருநூறு பேரில் ஒருவர் ஒரு பிரசர்ப் பட்டியைப் பரிசாகக் கொடுத்திருந்தால் அந்தக் கல்லில் அவர் பெயரை நானே என் செலவில் வெட்டியிருப்பேன். பதினேழு சுவர்க்கடிகாரம் வந்தது.

ஆராய்ச்சியாளர்களும் விண்ணப்பித்தார்கள். அவர்களை அவ்வளவு லேசில் தள்ளிவிட முடியாது. 1983இல் அமெரிக்காவில் ஒரு குழு, இதற்குக் காரணம் ஒரு புழு என்று கண்டுபிடித்து அதற்கு லத்தீன் பெயரும் சூட்டிவிட்டது. பிறகு பார்த்தால் புழுவுமில்லை, பூச்சியுமில்லை, கண்ணாடித் துண்டில் படிந்த அழுக்கு. இந்த நோயைக் கொள்கைகளின் நோய் என்று டொக்டர்மாரே கேலி செய்வதில் நியாயம் இருக்கிறது.

சிரித்து முடித்துவிட்டீர்களென்றால் கோபப்படவேண்டிய இடத்துக்கு வருவோம். வலிப்புக்கு மருந்து என்ன தெரியுமா? மக்னீசியம் சல்பேற்று. அப்பம்மாவின் அலுமாரியில் பேதிக்கென்று வைத்திருந்த அதே உப்புத்தான், ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏறுகிறது. 1906இல் ஜெர்மனியில் ஒரு வைத்தியர் இதைச் சூல்வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார். மற்ற மருந்துகளைவிட இதுதான் மேல் என்று பல நாட்டுப் பரிசோதனை சந்தேகமில்லாமல் காட்டியது 1995இல். 2002இல் மக்பை என்ற பரிசோதனை, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள், வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கு மேல் குறைந்தது. 1906க்கும் 1995க்கும் இடையில் இரண்டு உலகப்போர் முடிந்து, மனிதன் சந்திரனில் இறங்கித் திரும்பியும் வந்துவிட்டான். பேதியுப்பு வேலை செய்யுமா என்று ஒழுங்காக எண்ணிப் பார்க்க 89 வருடம். உப்பை விற்று யாரும் மாளிகை கட்ட முடியாதே! அஸ்பிரினும் இதே சாதிதான். ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு முதல் மூன்று மாத முடிவில் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தால், காலத்துக்கு முந்தி வருகிற பிரீஎக்லம்சியா 62 வீதம் குறைகிறது என்று 2017இல் நிரூபித்தார்கள். இதே நோய் ஆண்களுக்கு, அதுவும் அமைச்சர்களுக்கு, ஐந்தாம் மாதத்தில் வருவதாயிருந்தால் அஸ்பிரின் குழாய்த் தண்ணீரில் கலந்து வந்திருக்கும்.

"எங்கட ஆளும் இருக்கிறார்" என்று உடனே ஒரு குரல். இருக்கிறார்கள்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆனந்த் கருமாஞ்சி, நச்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்துக்குள் அளவுமீறிக் கசிகிற ஒரு புரதத்தை 2003இல் காட்டினார். அதை வைத்துச் செய்த இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா அனுமதி கொடுக்க இன்னும் இருபது வருடம் போயிற்று. லண்டன் சென். ஜோர்ஜ் ஆஸ்பத்திரிப் பேராசிரியர் பாஸ்கரன் திலகநாதன், நச்சுக்கொடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள், தாயின் இருதயத்தையும் பாருங்கள் என்று வாதாடுகிறார். இந்த நோய் வந்துபோன பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு ஆபத்து இரட்டிப்பு. இது தெரிந்த மாமியார் எத்தனை பேர்? பெயரைக் கேட்டுப் பெருமைப்படுவோம், கட்டுரையைப் படிக்கமாட்டோம். அதற்குத்தான் லண்டனில் ஆட்களை வைத்திருக்கிறோமே.

அரசாங்கத்தின் விண்ணப்பம் கடைசி நாளில் வந்தது, மூன்று பிரதி, சிங்களத்தில். இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 30 சொச்சந்தான், அயல்நாடுகளைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். உண்மை. அந்த எண்ணைச் சம்பாதித்துக் கொடுத்தவ கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் பையோடு படியேறும் மிட்வைஃப். அவ விண்ணப்பம் போடவில்லை, கர்ப்பிணி அட்டை நிரப்பவே அவவுக்குப் பொழுது போதாது. எனக்கு அந்தச் "சொச்சம்" என்ற சொல்லோடுதான் சண்டை.

ஹட்டனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒரு பிள்ளை, ஜம்பட்டா வீதிப் பக்கம் குடியிருக்கிறாள். கிளினிக்கில் கேட்டார்களாம், "ஒளுவ ரிதெனவாத?" தலை வலிக்கிறதா என்று கேள்வி. அவளுக்குத் தெரிந்த சிங்களம் இரண்டு சொல், "ஒவ்", "நே". பயத்தில் "நே" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாளாகத் தலை பிளந்துகொண்டிருந்தது. தலையிடியையும் கண்மங்கலையும் கேட்டுக் கண்டுபிடிக்கவேண்டிய நோய்க்கு, கேட்கிற மொழியே இல்லை. தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. பெயர்ப்பலகையில் இருக்கிறது, எழுத்துப்பிழையோடு.

அமைச்சர்மாருக்கு வேறு அவசரங்கள். 2020 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கொரோனாவை விரட்டக் களுகங்கையில் மந்திரித்த குடம் வீசினார். 2022இல் நாடு வங்குரோத்தாகி ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. 2024 பெப்ரவரியில், சுகாதார அமைச்சராயிருந்த இன்னொருவர் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் கைதானார். குடத்துக்கு ஆறு கிடைத்தது, பட்டிக்குப் பற்றரி கிடைக்கவில்லை.

இத்தனை விண்ணப்பத்தையும் கட்டிக்கொண்டு மாதம்பிட்டி மயானத்தடியில் கல் வெட்டுகிற பெரியவரிடம் போனேன். எந்தப் பெயரை வெட்டுவது என்று முடிவாகவில்லை, விலையை மட்டும் சொல்லுங்கோ ஐயா என்றேன். அவர் உளியைத் துடைத்துக்கொண்டே, "எழுத்துக்கு இவ்வளவு, திகதிக்கு இவ்வளவு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாயும் பிள்ளையும் எண்டா சொல்லுங்கோ, திகதி ஒண்டுதானே. ஒருக்காத்தான் காசு எடுப்பன்."